மின்னலின் கீபோர்டு

1

இந்தக் கதை ஒரு புகார்ப் படிவத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவசர ஆம்புலன்ஸ் மையத்தின் மேல் புகார் கொடுக்க ஒரு படிவம் உண்டு. மொத்தம் ஒன்பது கட்டங்கள். ஏழு கட்டம்வரை பெயர், முகவரி, தேதி, நேரம் என்று மளமளவென்று நிரப்பிவிட்டேன். எட்டாவதில் வந்தது வினை: 'நடந்ததைச் சுருக்கமாக எழுதவும்.' கதை எழுதிப் பிழைக்கிறவளிடம் போய்ச் சுருக்கமாக எழுது என்றால்? எட்டாவது கட்டம் ஊதிப் பெருத்து, படிவத்தை விட்டு வெளியே வந்து, இப்போது உங்கள் கையில் இருக்கிறது. ஒன்பதாவது இன்னும் காலி. அதில் கேட்டிருப்பது: 'நீங்கள் எதிர்பார்க்கும் நடவடிக்கை.'

முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும். இன்று முப்பதாவது நாள். ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். இப்போது மூன்று பத்து.

நான் கொடுத்தால் ஒருவருக்கு வேலை போகும். போக வேண்டுமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் படிவம் என்றைக்கோ போயிருக்கும். நீங்களும் வேறு ஏதாவது படித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பீர்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'மதியம் ஒன்று பத்துக்கு, தட்டச்சு செய்துகொண்டிருந்த என் கணவரின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. நாற்காலியிலிருந்து சரிந்தார். நான் அவசர எண்ணுக்குப் போன் செய்து முகவரியைச் சொன்னேன். ஆறு நிமிடத்தில் வந்திருக்க வேண்டிய வண்டி பன்னிரண்டு நிமிடம் கழித்து—'

நிறுத்திவிட்டேன். எல்லாம் உண்மை. ஆனால் இப்படித் தொடங்கினால் முதல் பத்தியிலேயே நீங்கள் என் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். எனக்கு ஆறுதல் சொல்ல ஊர்ப்பட்ட ஆள் இருக்கிறது. தீர்ப்புச் சொல்லத்தான் ஆள் இல்லை.

இரண்டாவது முயற்சி: 'மனித வாழ்வில் நேரம் என்பது—' (சீ.)

மூன்றாவது: 'அவள் செய்தது சின்ன வேலை. தாறுமாறாக இருந்த ஒரு கீபோர்டை எல்லாரும் வைத்திருக்கிற மாதிரி மாற்றினாள். அவ்வளவுதான்.'

இது இருக்கட்டும்.

3

அவள் என்றால் தங்கச்சி; எனக்கில்லை, இதில் வரப்போகும் ஓர் அண்ணனுக்கு. அந்த மையத்தில் அழைப்புகளை எடுக்கிறவள். காதில் ஹெட்போன், கண் திரையில், கை கீபோர்டில். மறுமுனையில் யாராவது அழுவார்கள், கத்துவார்கள்; அதற்குள்ளிருந்து கதவு எண்ணையும் தெருவையும் பிடுங்கித் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். அனுப்பிய நொடியில் ஏதோ ஒரு வண்டி கிளம்பும்.

அவளுடைய அண்ணனுக்கும் அங்கேதான் வேலை. நாலு நாற்காலி தள்ளி உட்காருவார். அந்த அறையில் அவருக்கு மின்னல் என்று பெயர். பேசுகிறவர் தெருப் பெயரைச் சொல்லி வாயை மூடுவதற்குள் இவர் அனுப்பியிருப்பார். அரையாண்டுக்கு ஒருமுறை நடக்கும் வேகத் தேர்வில் ஆறு வருடமாக இவர்தான் முதலிடம். தங்கச்சிக்கு ஆறு வருடமாக இரண்டாமிடம். (இதை ஞாபகத்தில் வையுங்கள். நான் இதை வைத்து ஒரு தப்புப் பண்ணப் பார்த்தேன். பின்னால் சொல்கிறேன்.)

அன்று காலை தங்கச்சியின் திரை செத்துப்போனது. அண்ணன் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லி மதியம்வரை விடுப்பில் இருந்தார். மேற்பார்வையாளர், "அண்ணன் சீட்டு சும்மாத்தானே கெடக்கு, அங்க போய் உக்காரும்மா" என்றார். உட்கார்ந்தாள்.

அந்த மையத்தில் அவரவர் கீபோர்டை வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம். மின்னலுடையது விசித்திரமான வஸ்து. நீளமான ஸ்பேஸ் இருக்க வேண்டிய இடத்தில் நாலு குட்டி விசைகள். எந்த விசையின் மேலும் எழுத்து இல்லை, மொட்டையாக இருக்கும். வேகக்காரர்களின் பந்தா என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

முதல் அழைப்பு வந்தது. யாரோ மாடிப்படியில் விழுந்துவிட்டார்கள். தங்கச்சி தெருவின் பெயரைத் தட்டினாள். திரையில் வந்தது எந்த மொழியும் இல்லை. மறுபடி தட்டினாள். இன்னொரு மொழியில்லாத மொழி. முகவரியைத் தாளில் கிறுக்கி, பக்கத்து நாற்காலிக்காரியிடம் நீட்டி, "இத அடிச்சு அனுப்புடி, சீக்கிரம்" என்றாள். அந்த வண்டி பிழையில்லாமல் போய்ச் சேர்ந்தது.

வேறு கீபோர்டு எடுக்கலாமென்றால் அலமாரிச் சாவி வைத்திருப்பவர் இரண்டு மணிக்குத்தான் வருவார். அடுத்த அழைப்பு எந்த நொடியும் வரலாம். அண்ணனுடைய கணினியில் அந்தக் கீபோர்டுக்கென்று ஒரு நிரல் இருந்தது. திறந்தாள். எந்த விசைக்கு என்ன எழுத்து என்று அதில் மாற்றிக்கொள்ளலாம். அண்ணன் சேமித்து வைத்திருந்த வரிசைகள் மூன்று, பெயரும் தேதியுமாக இருந்தன. 'சுண்டு.' 'மோதிரம்.' 'நடு.' சிரித்துக்கொண்டாள். இந்த அண்ணனுக்கு வேறு வேலையில்லை என்று நினைத்தாள்.

கடைசியில் 'வழக்கமான வரிசை' என்று ஒன்று இருந்தது. அழுத்தினாள். 'கீபோர்டிலேயே பதியட்டுமா?' என்று கேட்டது. ஆம் என்றாள். எல்லா எழுத்துகளும் உலக வழக்கப்படி அதனதன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தன. அதற்குப் பிறகு அன்று காலை பதினேழு அழைப்புகள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

(பக்கக் குறிப்பு: நீங்களும் அந்த மூன்று பெயர்களையும் வாசித்தீர்கள். உங்களுக்குச் சட்டென்று பிடிபட்டிருக்கலாம். நீங்கள் உட்கார்ந்து படிக்கிறீர்கள். அவள் அடுத்த மணி அடிப்பதற்குள் வேலையை முடிக்கப் பார்த்தாள். அவளுக்காக இவ்வளவு வாதாடுகிறேன் பாருங்கள், எனக்கே வியப்பாக இருக்கிறது.)

4

ஒரு மணிக்கு அண்ணன் வந்தார். அவள் எழுந்து இடம் விட்டாள். "அண்ணா, உன் கீபோர்ட நான் காலைல—" என்று ஆரம்பித்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. "இரு, அப்புறம் சொல்லு" என்று வலது கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஹெட்போனை மாட்டினார்.

அந்த அழைப்பு என்னுடையது.

நான் முகவரியைச் சொன்னேன். மறுமுனையில் தடதடவென்று விசைச் சத்தம் கேட்டது. பிறகு ஒரேயடியாக நின்றுவிட்டது. "இது என்னது" என்று ஒரு குரல், எனக்கில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. இன்றைக்கும் அந்த இரண்டு சொல் கேட்டால் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. "என்னங்க, எழுதிட்டீங்களா?" என்று கத்தினேன். "ஒரு நிமிஷம்மா" என்றது குரல்.

அந்த ஒரு நிமிடத்துக்குள் நடந்தது இது. அவர் கீபோர்டைப் பார்த்து அடிக்கிறவர் இல்லை. திரையைப் பார்க்கிறார், குப்பையாக வந்திருக்கிறது. அழிக்க வேண்டும். வலது ஓரத்து விசையைச் சுண்டு விரலால் தட்டுகிறார். அவருடைய வரிசையில் அது அழிக்கும் விசை. உலக வழக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது என்டர், அதாவது அனுப்பு. குப்பைக்கு ஓரளவு ஒத்துவந்த ஏதோ ஒரு தெருவை மென்பொருள் தானே எடுத்துக்கொண்டது. வண்டி கிளம்பிவிட்டது, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்.

தங்கச்சி திரையில் அந்தத் தெருவைப் பார்த்தாள். அண்ணன் வலது ஆள்காட்டி விரலால், எழுத்துக் கற்றுக்கொள்கிற குழந்தை போல, மொட்டை விசைகளில் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தார். அவர் கைக்கடியிலிருந்து கீபோர்டை இழுத்து, அவர் முகவரியைச் சொல்லச் சொல்ல அவளே அடித்து அனுப்பினாள். அப்போதுதான் அவருடைய இடது கை மேசையின் மேல் கிடப்பதைப் பார்த்தாள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் துடித்துக்கொண்டிருந்தன. மற்ற மூன்றும் மடங்கிக் கிடந்தன. அவர் நிமிர்த்தப் பார்த்தார். அவை வரவில்லை.

சுண்டு. மோதிரம். நடு.

அவளுக்குப் புரிந்துவிட்டது. விரல் போகப் போக, அந்த விரலின் எழுத்துகளை மற்ற விரல்களுக்குக் குடிமாற்றிவிட்டு, அன்றைய தேதியைப் போட்டுச் சேமித்திருக்கிறார். நாலு வருடமாக. அதைத்தான் அவள் காலையில் சிரித்துக்கொண்டே ஒரே அழுத்தில் துடைத்தாள்.

5

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? பன்னிரண்டாம் நாள் தங்கச்சியே வந்து சொன்னாள். கணவரை மருத்துவமனையிலிருந்து கூட்டிவந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வாசலில் நின்ற பெண்ணை எதையோ விற்க வந்தவள் என்று நினைத்தேன்.

"உங்க அட்ரஸ் எனக்கு மனப்பாடம் அக்கா" என்றாள். "அன்னைக்கு அனுப்பினது நான்தான்."

முழுக்கச் சொல்லி முடித்தாள். நான் மருந்துப் பையோடு நின்றுகொண்டிருந்தேன். கை காலியாக இருந்திருந்தால் அறைந்திருப்பேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருக்கட்டும்.

"புகார் எழுதறதா இருந்தா என் மேல எழுதுங்க. கீபோர்ட மாத்தினது நான். அண்ணன எழுதாதீங்க."

"உங்க அண்ணன் சொல்லி அனுப்பினாரா?"

"நான் வந்ததே அவருக்குத் தெரியாது."

"கை இப்படின்னு ஆபீஸ்ல தெரியுமா?"

"தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. கருவிக் கோளாறுன்னு எழுதி மூடிட்டாங்க. அவர் பழைய வரிசையத் திரும்பப் போட்டுக்கிட்டு வேலைக்கு வர்றாரு."

"உனக்கு நாலு வருஷமா தெரியாதா? கூடப் பொறந்தவதானே நீ?"

அவள் அதற்குத்தான் அழுதாள். "அவருக்கு மேல் வீட்டுலதான் இருக்கேன் அக்கா. எப்பவும் இடது கைய பாக்கெட்டுல விட்டுக்கிட்டு நிப்பாரு. ஸ்டைலு காட்டறாருன்னு அண்ணிகூடச் சேந்து கிண்டல் பண்ணியிருக்கேன்."

நான் அவளுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஒரு தாளில் போன் நம்பரை எழ்திவைத்துவிட்டுப் போய்விட்டாள். ('எழுதி' என்று இருக்க வேண்டும். திருத்தவில்லை. ஒரு விசை தவறினால் என்ன ஆகிறது என்று நானும் பார்க்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. நான் அனுப்பும் சொல்லுக்கு எந்த வண்டியும் கிளம்புவதில்லை.)

6

இவளை நம்பலாமா? கதாசிரியைக்கு இது தொழில் சந்தேகம். எனக்குச் சொந்தச் சந்தேகமும்கூட.

ஒரு வாரம் நம்பாமல்தான் எழுதினேன். அந்த வரைவில் அவள் பொறாமைக்காரி. ஆறு வருடம் இரண்டாமிடத்தில் வெந்தவள். அண்ணனின் ரகசியம் தெரிந்து, வேண்டுமென்றே கீபோர்டை மாற்றி, மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்கும் நேரம் பார்த்து... பிரமாதமாக ஓடியது. எட்டுப் பக்கம். கணவரிடம் வாசித்துக் காட்டினேன். அவருக்கு நாக்கு இன்னும் கொஞ்சம் குழறும். நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"கதை ஜோரா இருக்கு. ஆனா உனக்குக் கோவிச்சுக்க ஒரு ஆள் வேணும், அதான் அந்தப் பொண்ண இழுத்துக்கிட்டு வந்திருக்கே."

எட்டுப் பக்கத்தையும் கிழித்தேன். இவரைக் கட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருடமாக நான் கிழித்த பக்கங்கள் கொஞ்சநஞ்சமில்லை.

7

கணவர் வக்கீல்களுக்கு ஆவணம் தட்டச்சு செய்து கொடுப்பவர். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் கையில் மிச்சம் இருப்பதைச் சொல்கிறேன், கேளுங்கள்: வலது கை முழுசாக, இடது கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும். மற்ற மூன்றும் வரவில்லை.

இட்டுக்கட்டுகிறேன் என்பீர்கள். இட்டுக்கட்டியிருந்தால் வலது கை என்று மாற்றி எழுதியிருப்பேன். இவ்வளவு பொருத்தமாக எழுதினால் எந்த வாசகர் நம்புவார் என்ற புத்தி எனக்கு உண்டு. நடந்துவிட்டதற்கு அந்தப் புத்தி இல்லை.

ஆறு நிமிடம் முன்னால் வந்திருந்தால் விரல்கள் தப்பியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். "தப்பியிருக்கலாம். தப்பாமயும் போயிருக்கலாம்" என்றார். அவரை அடிக்கவும் கை வந்தது.

இருபதாம் நாள் கணவர் கணினி முன்னால் உட்கார்ந்தார். வலது கையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் துரத்தி ஒரு வரி அடித்தார். ஓய்ந்துபோனார். பிறகு கேட்டார்.

"அந்த ஆளு மூணு விரல் இல்லாம எல்லாரையும் எப்படி முந்தினாரு? கேட்டு வாங்கு."

"யார்கிட்ட? உங்களப் படுக்கவெச்ச ஆளுகிட்டயா?"

"படுக்கவெச்சது என் ரத்தக்குழாய். எனக்கு வேலை வேணும். கேளு."

கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு தங்கச்சிக்குப் போன் செய்தேன். மூன்று நாளில் அண்ணனின் வரிசைகளை அனுப்பிவைத்தாள். கணவர் ஒரு நிரலைப் போட்டு, எங்கள் வீட்டு ஒழுங்கான கீபோர்டை மின்னலின் கோணல் கீபோர்டாக மாற்றினார். இடது கட்டை விரலால் ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் வலது பக்கத்து எழுத்துகள் அப்படியே இடது பக்கத்து எழுத்துகளாகிவிடும். "படுபாவி, என்னமா யோசிச்சிருக்கான்" என்றார். விழுந்த நாளிலிருந்து அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தார். வாய் கோணிக்கொண்டுதான், ஆனாலும் சிரிப்பு.

கதையை இங்கே முடித்திருக்கலாம். படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கலாம். முடிக்கத்தான் உட்கார்ந்தேன்.

8

இன்று காலை, எட்டாவது கட்டத்துக்காகத் தேதிகளைச் சரிபார்க்கத் தங்கச்சி அனுப்பிய கோப்புகளைத் திறந்தேன். சுண்டு. மோதிரம். நடு. மூன்று இருக்க வேண்டும்.

நாலு இருந்தன.

நாலாவதின் பெயர் 'வலது சுண்டு'. தேதி ஒன்பது நாளைக்கு முன்னால். அதாவது எங்கள் அழைப்புக்கு மூன்று வாரம் கழித்து.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "அந்தச் சுண்டு விரல் கீயாலதானே அன்னைக்கு வம்பு வந்துச்சு. மறுபடி தப்பாகக் கூடாதுன்னு அத எடுத்துக் கட்டை விரல் பக்கம் வெச்சிருக்காரு. அழிக்கிற கீ ஒண்ணுதான் எடம் மாறியிருக்கு பாரு."

"அப்படின்னா கோப்புக்கு வேற பேர் வெச்சிருக்கலாமே. இதுவரைக்கும் விரல் பேர் வெச்சதெல்லாம் விரல் போனதுக்குத்தானே?"

அவர் தன் வலது சுண்டு விரலை மடக்கி நிமிர்த்திப் பார்த்தார்.

தங்கச்சிக்குப் போன் செய்தேன். "நாலாவது ஒண்ணு இருக்கேம்மா" என்றேன்.

"பாத்துட்டீங்களா" என்றாள். அதில் கேள்வியும் இல்லை, திடுக்கிடலும் இல்லை. உடனே வைத்துவிட்டாள். திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை.

தெரியாமல் அனுப்பியவள் அப்படிச் சொல்லமாட்டாள். அண்ணனை எழுதாதீர்கள் என்று என் வாசலில் அழுத அதே பெண், தன்னால் எழுத முடியாததை என் கையில் திணித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். இல்லை, நான்தான் மறுபடியும் அவளை இழுத்துக்கொண்டு வருகிறேனா? இந்தப் பாத்திரம் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஒரு எழுத்தாளி இதைவிடக் கேவலமாகத் தோற்க முடியாது.

மணி நாலு இருபது.

முடிவு, ஒன்று: படிவத்தை அனுப்புகிறேன். மின்னல் வீட்டுக்குப் போகிறார். அவர் நாற்காலியில் பத்து விரலும் ஒழுங்காக உள்ள ஒருவர் உட்கார்ந்து, நிறுத்தி நிதானமாக அடிக்கிறார். ஒவ்வொரு வண்டியும் அரை நிமிடம் பிந்திக் கிளம்புகிறது. அதற்கு யாரும் புகார் எழுதமாட்டார்கள். பிந்தியது யாருக்குமே தெரியாது.

முடிவு, இரண்டு: அனுப்பவில்லை. 'வலது மோதிரம்' என்று ஒரு கோப்பு பிறக்கிறது. ஒரு மதியம், எங்கோ ஒரு வீட்டில், என்னைப் போல ஒருத்தி போனை எடுத்து முகவரியைச் சொல்ல, மறுமுனையில் விசைச் சத்தம் நின்றுபோய்—

முடியவில்லை. இதை எழுத என் விரலும் வரவில்லை.

முடிவு, மூன்று: மின்னலே போய் மேற்பார்வையாளரிடம் கையைக் காட்டிவிடுகிறார். எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. எனக்கு ஒரு வேலையும் வைக்காது. இத்தனை நாளாக இதற்காகத்தான் காத்திருந்தேன். அவர் இன்று காலையும் வேலைக்குத்தான் போயிருப்பார்.

9

உள்ளறையில் கணவர் பழகுகிறார். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அடிக்கிறார். எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டு முகவரி.

"நேரம் பாரேன்" என்றார். பார்த்தேன். மின்னலின் வரிசையில், ஏழே விரலால், பத்தொன்பது வினாடி. பிழை இல்லை. பத்து விரலும் இருக்கிற நான் பக்கத்தில் உட்கார்ந்து அடித்துப் பார்த்தேன். இருபத்தாறு.

நாலு நாற்பத்தெட்டு. எட்டாவது கட்டம் முடிந்தது. ஒன்பதாவதைக் காலியாகவே உங்களிடம் தருகிறேன். என்னால் ஆகாது, இருபத்தாறு வினாடிக்காரி நான், அதே சமயம் ஆறு நிமிடம் கூடுதலாகக் காத்திருந்தவளும் நான்தான்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில் உங்களுக்கு ரொம்ப வேண்டியவரை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் முகவரியைக் கதவு எண்ணிலிருந்து வாய்விட்டுச் சொல்லுங்கள். மறுமுனையில் அதைக் கேட்டு யார் தட்டச்சு செய்ய வேண்டும் என்று தோன்றுகிறதோ, அதை எழுதுங்கள்.

9. நீங்கள் எதிர்பார்க்கும் நடவடிக்கை: